நிலநடுக்கமானியை எங்கே, எப்படி வைப்பது? கேள்வி-பதில்

பள்ளிக்கு வாங்கிய சிறிய நிலநடுக்கமானியை இரண்டாம் மாடி ஆய்வகத்தில் வைத்திருக்கிறோம். சரிதானா? – ஆசிரியை, பாலக்கோடு

கீழே இறக்கிவிடுங்கள். காற்றடித்தால் கட்டடமே லேசாக ஆடும். மாடியில் அந்த ஆட்டம் பெரிதாகும். தரைத்தளத்தில் பிள்ளைகள் நடமாடாத மூலை அறை போதும். ஃபேன், ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் வேண்டாம்.

தோட்டத்து ஓரம் கரடு இருக்கிறது. பாறைமேல் வைப்பதா, மண்ணில் குழி வெட்டிப் புதைப்பதா? – மாந்தோப்பு விவசாயி, காவேரிப்பட்டணம்

பாறையை வைத்துக்கொண்டு மண்ணைத் தேடுவானேன்! இளகிய மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். ஆனால் கரட்டின் உச்சியில் காற்று அதிகம், அடிவாரமே மேல். நம் பக்கத்துப் பாறை ஏடு ஏடாக உரியும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று ஒலித்தால் அந்த ஏட்டைப் பெயர்த்துவிடுங்கள்.

பிறகு பாறையைக் கழுவி, சிமென்ட் கலவை பரப்பி, பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்றை மட்டம் பார்த்துப் பதியுங்கள் (கிருஷ்ணகிரியில் அதற்கா பஞ்சம்?). அடியில் காற்று தங்கக் கூடாது. சுற்றிக் கட்டும் தொட்டிச் சுவர் இந்த மேடையைத் தொடவே கூடாது. சுவரைக் காற்று தள்ளினால் மேடையும் இம்மியளவு சாயும். அதையும் மானி பதிந்துவிடும். மானியின்மேல் தெர்மோகோல் பெட்டியை நெருக்கமாகக் கவிழ்த்து மூடுங்கள். உள்ளே காற்று சுழன்றாலும், பகல் சூடு இறங்கினாலும் பதிவு அலையும். மாமரங்களிலிருந்து அவற்றின் உயரத்துக்கும் அதிகமாகத் தள்ளி வையுங்கள். மரம் ஆடினால் வேர் நிலத்தை அசைக்கும்.

அலைவரிசைப் படத்தில் (எந்த நேரத்தில் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும் படம்) 48 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு சில மணி நேரம் மட்டும் வருகிறது. கருவி கோளாறா? – பொறியியல் மாணவர், காரிமங்கலம்

கோடு தோன்றும் நேரத்தையும் ஊரில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து போர்வெல் மோட்டாராகத்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றை எட்டாது. ஏறத்தாழ 2880 சுற்று, அதாவது விநாடிக்கு 48. கோடு அசையாமல் சரியாக 50-இலேயே நின்றால் கதை வேறு: மின்னிரைச்சல் கேபிளுக்குள் புகுந்திருக்கிறது, எர்த்தைப் பாருங்கள். மோட்டார் என்றால் மானியைத் தள்ளி வைப்பதுதான் வழி. அதற்கு இடமில்லையா? தொலைதூர நிலநடுக்கங்களின் அலைகள் இதைவிட மிக மெதுவாக அதிர்பவை. 10 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குவாரி வெடியும் இரைச்சல்தானே? – வாசகர், பர்கூர்

எனக்கு அது இலவசச் சோதனை. எந்தக் குவாரி, எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். கெட்டிப் பாறையில் முதல் அலை விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். 12 கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் 2 விநாடியில் வந்து சேர வேண்டும். வரவில்லையென்றால் உங்கள் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்.

ஒகேனக்கல் அருவி அருகே வைக்கலாமா? – பென்னாகரம்

வேண்டாம். விழும் தண்ணீர் ஓயாமல் நிலத்தை அதிரவைக்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இலிருந்தும் சில கிலோமீட்டர் விலகியிருங்கள். அங்கே லாரிக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

எங்கள் பிராட்பேண்ட் மானியில் (மெதுவான அதிர்வையும் வேகமான அதிர்வையும் பதியும் வகை) 6 விநாடிக்கொரு முறை மெல்லிய அலை, நள்ளிரவிலும் ஓய்வதில்லை. குழியை ஆழமாக்கினால் நிற்குமா? – கல்லூரி ஆசிரியர், தருமபுரி

நிற்காது. அது கடல். எதிரெதிர் அலைகள் மோதும்போது கடலடி அழுத்தப்பட்டு, கடல் அலையின் பாதிக் காலத்தில் நிலம் அதிர்கிறது. அதன் அலைநீளம் பல கிலோமீட்டர் என்பதால் உங்கள் குழி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வங்கக்கடலில் புயல் உருவானால் இன்னும் தடிக்கும். அது தெரிகிறதென்றால் மானியை நன்றாகவே பதித்திருக்கிறீர்கள்.