ஏலத்தில் விற்காத குஞ்சு டிராகன்கள்

டிராகன் வளர்க்கும் இணைய விளையாட்டான ஃபிளைட் ரைசிங்கில் நான்கு குஞ்சுகளை ஏலத்தில் போட்டும் ஒன்றுகூடப் போகவில்லை, டிராகன்களை வைக்கும் இடமும் நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்து விலை வைத்தது மற்றவர்கள் கேட்கும் விலையை. அந்த விலைக்கு விற்றதா என்பது வேறு விஷயம். அதே இனம், நிறம், மரபணு போட்டுத் தேடி, இருப்பதில் மலிவானதைவிடச் சற்றுக் குறைத்துப் போடுங்கள்.

அப்புறம், ஜோடியை மாற்றுங்கள். நிறச் சக்கரத்தில் 177 நிறங்கள். பெற்றோரின் நிறங்களுக்கு இடையில் உள்ள எதுவும் குஞ்சுக்கு வரலாம். உங்கள் ஜோடியின் நிறங்கள் ரொம்பத் தள்ளி இருப்பதால்தான் ஒட்டாத கலவையாக வருகிறது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் என்றால் ஒவ்வொரு ஈற்றும் அழகாக இருக்கும், நம்பி வாங்குவார்கள்.

இப்போதுள்ள நான்கையும் வளர்ந்ததும் மலிவாகத் தள்ளிவிடுங்கள். அணிகளுக்கிடையே நடக்கும் வார ஆதிக்கப் போட்டிக்காக, தங்கள் அணியின் தெய்வத்திடம் நிரந்தரமாக அனுப்பிவிட டிராகன் வாங்குகிறவர்கள் நிறம் பார்ப்பதில்லை.