கார் கேள்வி பதில்: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, என்னிடம் 1988 வோல்வோ 240 ஆட்டோ கியர் கார் இருக்கிறது. கியர் மாறும்போது இடிக்கிறது என்று ஒரு பட்டறையில் சொன்னேன். கிக்டவுன் கேபிளை (த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பி) தளர்த்திவிட்டார்கள். அப்புறம் இடிக்கவே இல்லை. இப்போது பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் துன் சார்டோன் மேட்டில் எவ்வளவு மிதித்தாலும் கியர் இறங்குவதில்லை. சில நேரம் இன்ஜின் மட்டும் கத்துகிறது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் கேபிளைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை அந்த மேட்டில் வண்டியை ஏற்றவும் வேண்டாம்.

ஓவர்டேக் பண்ணும்போது கியரை இறக்குவதற்கு மட்டும்தான் இந்தக் கேபிள் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஐசின் வார்னர் ஏ.டபிள்யூ 70 வகை. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை இந்த ஒரு கம்பிதான் உள்ளே சொல்கிறது. அதை வைத்துத்தான் எண்ணெய் அழுத்தம் ஏறி இறங்குகிறது, கியர் மாறும் நேரமும் அமைகிறது. கேபிள் தளர்ந்தால், முழுசாக மிதித்தாலும் கியர்பாக்ஸுக்குப் பாதிதான் தெரியும். அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காது, வழுக்கும். அந்த வழுக்கலைத்தான் ‘இடிக்கவே இல்லை’ என்று சந்தோஷப்படுகிறோம். செந்தூலில் என் பட்டறைக்கு இப்படிக் கருகிப்போன தட்டுகள் வரும்போது வயிறு எரிகிறது. இடிப்புக்குக் காரணம் ஐடில் வேகம் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கூடியிருப்பது, கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருப்பது என்று வெளியில் எத்தனையோ இருக்கும். அதையெல்லாம் பார்க்காமல் கேபிளில் கை வைப்பது தவறு.

சரி, அளவு வைப்பதைப் பார்ப்போம். கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டத்தை முதலில் பாருங்கள்: வண்டி நன்றாகச் சூடேறி, சமதரையில், பி (பார்க்) கியரில், இன்ஜின் ஓடும்போது. அடுத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். காலை எடுத்தால் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் மூடி) முழுசாக மூட வேண்டும், மிதித்தால் முழுசாகத் திறக்க வேண்டும். இது சரியாக இல்லாமல் கிக்டவுன் கேபிளுக்குப் போனால் எல்லாம் வீண். ஓட்டுநர் பக்கம் கனமான ரப்பர் பாய் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பெடல் அதில் முட்டி நின்றுவிடும், நீங்கள் முழு மிதி என்று நினைப்பது முழு மிதியாகவே இருக்காது.

இப்போது இன்ஜின் பக்கம் வாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுத்துத் திருப்பும் த்ராட்டில் உருளைக்கு அருகில், கிக்டவுன் கேபிளின் உள் கம்பியில் சின்ன உலோகக் குமிழ் ஒன்று நசுக்கி வைத்திருக்கும். காலை எடுத்த நிலையில், கேபிள் உறையின் முனைக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே 0.25 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், கண் மதிப்பு போதாது. கூடக் குறைய இருந்தால் உறையைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். பிறகு ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். கையால் உருளையைத் திருப்பிப் பார்ப்பது கணக்கில் சேராது. குமிழ் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் வெளியே வர வேண்டும். டொயோட்டா பழக்கம் உள்ள மெக்கானிக் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: பழைய டொயோட்டாவில் முழுசாக மிதித்த நிலையில்தான் 0 முதல் 1 மில்லிமீட்டர் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை உங்கள் வண்டியில் போட்டால் அளவு தலைகீழாகிவிடும்.

கம்பியில் பிரி விட்டிருந்தாலோ, இழுத்து விட்டால் சுருக்கென்று திரும்பாமல் ஒட்டினாலோ கேபிளையே மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றி ஓட்டப் பார்க்காதீர்கள். மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, எண்ணெய் தேங்கும் அடித் தட்டைக் கழற்றினால் போதும். உள்ளே வால்வு பாடியில் (எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஒரு சின்ன கேம், அதாவது கம்பி இழுத்துத் திருப்பும் துண்டு, இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிப் பிடித்தால் கம்பியின் முனைக் குண்டு கழன்று வரும். புதுக் கேபிள் உறையில் இருக்கும் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) அதே கியர்பாக்ஸ் எண்ணெயைத் தடவிச் சொருகுங்கள், காய்ந்தபடி தள்ளினால் வெட்டுப்பட்டு ஒழுகும். எங்கும் கூர்மையாக மடங்காமல், புகைக் குழாயைத் தொடாமல் கேபிளை மேலே கொண்டுவாருங்கள். சில புதுக் கேபிள்களில் குமிழ் நசுக்காமல் வரும். கம்பியை லேசாகப் பிடிக்கும் வரை இழுத்து, மேலே சொன்ன இடைவெளி விட்டு நசுக்க வேண்டும்.

அடித் தட்டைக் கழற்றும்போது எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை அடித்து, தட்டின் அடியில் கறுப்புத் தூள் கனமாகப் படிந்திருந்தால் பிரிப்பதைப் பற்றி அப்போது பேசலாம். இல்லையென்றால் புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 ஆட்டோவிலும் கிக்டவுன் வேலை செய்யவில்லை. இதே கேபிளா? (செராஸ் வாசகி, கோலாலம்பூர்)

பதில்: இல்லை தங்கச்சி, உங்கள் வண்டியில் கிக்டவுன் மின்சாரத்தில் வேலை செய்கிறது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு சுவிட்ச், கியர்பாக்ஸில் ஒரு சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு). இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை அடிவரை மிதியுங்கள். வண்டிக்கு அடியில் ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், சோலனாய்டு ஒயர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.