பீரோவுக்குக் கிளம்பியவர்

கேள்வி: பிரெஞ்சுச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் வரும் எழுத்தர் இரவில் 'பீரோ'வின் முன் அமர்ந்து கடிதம் எழுதுகிறார். காலையில் 'பீரோ'வுக்குக் கிளம்பிப் போகிறார். தமிழில் வழங்கும் சொல்தானே, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். தமிழ் வாசகர் அவரை இரும்பு அலமாரியின் முன் உட்கார வைத்துவிடுவார்.

'பீரோ'வின் மூலமான 'பூரெல்' பழைய பிரெஞ்சில் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. கம்பளிப் பிசிறைக் குறிக்கும் 'புர்ரா' என்ற பிற்கால லத்தீன் சொல்லே அதன் வேர். எழுதும் மேசையின் மேல் அத்துணியை விரித்ததால் துணியின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், அறையின் பெயர் அங்கு நடந்த அலுவலுக்கும் சென்றது. மேசையிலிருந்து நாட்டை ஆள்வதைக் கேலி செய்யப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த 'பீரோக்ரஸி' என்ற சொல்லை, பிரெஞ்சுப் பொருளியலர் வின்சென்ட் த கூர்னேயின் படைப்பாகச் சொல்வது வழக்கம்.

ஜெர்மனில் இச்சொல் இன்று அலுவலகத்தை மட்டுமே சுட்டுகிறது. மெக்சிகோவின் ஸ்பானிய மொழியிலோ அது படுக்கையருகே இருக்கும் சிறுமேசை! பிரிட்டன் ஆங்கிலத்தில் சாய்பலகையும் இழுப்பறைகளும் கொண்ட எழுதுமேசையைக் குறிக்கும் சொல், அமெரிக்காவில் படுக்கையறையில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டியாகிவிட்டது. தமிழின் பீரோ, தெலுங்கின் பீருவா, கன்னடத்தின் பீரு ஆகியவற்றுக்கு இழுப்பறையும் பூட்டும் கொண்ட இத்தகைய மரச்சாமானே வழிவிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கல்யாணச் சீரில் கட்டிலோடு சேர்ந்து வரும் பீரோவின் மேல் யாரும் கடிதம் எழுதுவதில்லை.

ஆகவே இரவுக் காட்சியில் 'எழுதுமேசை' என்றும், காலைக் காட்சியில் 'அலுவலகம்' என்றும் எழுதுங்கள். ரஷ்யா வழியாக வந்த 'பொலிட்பீரோ' எங்காவது தலைகாட்டினால் மட்டும் அதை மாற்ற வேண்டாம். தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்டுகளே புழங்கும் சொல் அது.

கதையில் உண்மையிலேயே துணி அடுக்கும் சாமான் வந்தால், பிரெஞ்சில் அதன் பெயர் 'ஆர்முவார்' என்றிருக்கும். அந்த இடத்தில் 'பீரோ' என்று தாராளமாக எழுதலாம். இலங்கை வாசகர்களுக்காக என்றால் 'அலுமாரி' இன்னும் பொருந்தும். ஆர்முவாரும், போர்த்துகீசியர் வழியே நமக்கு வந்த அலுமாரியும் 'அர்மாரியம்' என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள்.