அக்காட்டக் கேளுங்கோ: மல்லிகை மணம் ஏன் போத்தலுக்க வருகுதில்லை?

கேள்வி: அக்கா, எங்கட முத்தத்தில மல்லிகை கொட்டிக் கிடக்குது. வீடியோ ஒண்டு பாத்திட்டு ஒரு சட்டி பூவைத் தண்ணியில அவிச்சு வடிச்சன். அவிச்ச கீரை மாதிரி ஒரு மணம்தான் வந்திச்சுது. எங்க பிழைச்சனான்? (கொக்குவில் தங்கச்சி)

பதில்: மல்லிகையை அடுப்பில வைக்கவே கூடாது தங்கச்சி. ரோசாப்பூ ஆவியைத் தாங்கும், பன்னீர் அப்பிடித்தான் எடுக்கிறது, ஆனா மல்லிகையின்ர மணம் சூடு பட்டாக் கெட்டுப்போகும். பிரான்சில கிறாஸ் எண்டொரு ஊர் இருக்குது, சென்டுக்குப் பேர்போன ஊர், அங்க முந்திக் கண்ணாடித் தட்டில கொழுப்பைப் பூசி அதுக்கு மேல பூவை அடுக்கி வைச்சு, ஒவ்வொரு நாளும் பழசை எடுத்திட்டுப் புதுசு வைப்பினமாம், ஏனெண்டா மல்லிகை பிடுங்கின பிறகும் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும், கொழுப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். வட இந்தியாவில எள்ளையும் மல்லிகைப்பூவையும் மாறி மாறி அடுக்கி, எள்ளுக்கு மணம் ஏறினாப் பிறகு அதைச் செக்கில ஆட்டி எண்ணெய் எடுக்கிறவை.

எங்கட வெக்கையில தேங்காயெண்ணெய் உறையாது, 24 பாகைக்கு மேல உருகியிடும், அதால தட்டு வேலை சரிவராது. நீர் ஒரு அகல வாய்ப் போத்தலில மணமில்லாத எண்ணெயை விடும். பின்னேரம் மொட்டைப் பிடுங்கி, விரியத் தொடங்கேக்க போடும், அடுத்த நாள் பின்னேரம் வடிச்சிட்டுப் புதுப்பூ போடும். இப்பிடிப் பத்துப் பதினைஞ்சு நாள். ஆனா பூவில சொட்டுத் தண்ணியும் இருக்கப்படாது. நான் முதல்முறை மழை விட்ட கையோட பிடுங்கிப் போட்டு, நாலாம் நாள் திறந்து பாத்தா மேல சாம்பல் நிறத்தில பூஞ்சணம், அவ்வளவு எண்ணெயும் வாழை அடிக்குத்தான் போச்சுது.

கடைச் சென்ட் மாதிரிக் குப்பெண்டு அடிக்காது, கழுத்தடியில பூசினா மெல்லிசா வரும். எனக்கு அதுதான் விருப்பம்.

கேள்வி: சென்டுக்கு அல்கோல் வேணும் எண்டு சொல்லினம். சாராயம் விட்டா என்ன? இல்லாட்டிப் பாமசி ஸ்பிரிட்? (சாவகச்சேரித் தம்பி)

பதில்: சாராயத்தில அல்கோல் பாதியும் இல்லைத் தம்பி, மிச்சம் முழுக்கத் தண்ணி. வாசனை எண்ணெய் தண்ணியில கரையாது, போத்தல் பால் மாதிரிக் கலங்கி எண்ணெய் மேல மிதக்கும். சென்டுக்கு 90 வீதத்துக்கு மேல உள்ள எதனோல் வேணும், எதனோல் எண்டிறது சாராயத்தில இருக்கிற அதே அல்கோல்தான். ஸ்பிரிட்டில மெதனோல் கலந்ததும் வரும், அது நஞ்சு, தோலாலயும் உள்ள போகும், மூச்சாலயும் போகும், கண்ணைக்கூடப் பாதிக்கும், அந்தப் பக்கமே போகாதேங்கோ. சானிடைசர் பிசுபிசுக்கும். வீட்டில காய்ச்சி எடுப்பம் எண்டு ஐடியா வந்தா, பொலிஸ் வந்து நிண்டா என்னைக் காட்டிக்குடுக்காதேங்கோ.

எதனோல் கிடைக்காட்டி எண்ணெயிலயே செய்யுங்கோ. அத்தர் எண்டிறது அல்கோல் இல்லாத சென்ட்தானே.

கேள்வி: நான் செய்தது அரை மணித்தியாலத்தில பறந்திடுது அக்கா, என்ன செய்ய? (சுன்னாகம் வாசகி)

பதில்: நீங்கள் தோடம்பழம், லெமன்கிராஸ் மாதிரிச் சாமான் மட்டும் போட்டிருப்பியள். அதுகள் முதல் வந்து முதல் போற ஆக்கள். நடுவில நிக்கிறது பூ, கராம்பு மாதிரியானது, கடைசிமட்டும் தோலோட கிடக்கிறது சந்தனம், வெட்டிவேர். அடியில பாரமானது இல்லாட்டி மேல உள்ளதைப் பிடிச்சு வைக்க ஆளில்லை.

10 மில்லி ரோல்-ஓன் போத்தலுக்கு 9 மில்லி மணமில்லாத எண்ணெய் எடுங்கோ. அதுக்கு எசென்ஷல் ஒயில் (செடி, பூ, பழத்தோலில இருந்து எடுத்த செறிஞ்ச வாசனை எண்ணெய்) எல்லாம் சேர்த்து 20 சொட்டு காணும், ஏறக்குறைய ஒரு மில்லி: சந்தனம் 7, வெட்டிவேர் 4, லாவெண்டர் 4, தோடம்பழம் 4, கராம்பு ஒண்டே ஒண்டு. கராம்பைக் கூட்டினாப் பல்லுவலிக்கு வைச்ச மாதிரி மணக்கும், தோலும் எரியும். கறுவாப்பட்டை ஒயில் அதைவிட மோசம், தோலில பூசிற சாமானுக்கு அதை விட்டிடுங்கோ. பாரமானதை முதல் விட்டுக் கலக்கி, கடைசியாத்தான் தோடம்பழம். ஒவ்வொரு சொட்டையும் கொப்பியில எழுதுங்கோ, இல்லாட்டி நல்லா வந்ததைத் திருப்பிச் செய்ய ஏலாது. மூடி, இருட்டு அலுமாரிக்குள்ள மூண்டு கிழமை வையுங்கோ, அண்டைக்கே மணந்து பாத்திட்டுச் சரியில்லை எண்டு ஊத்தாதேங்கோ, முதல் நாள் ஒவ்வொண்டும் தனித்தனியாத்தான் நிக்கும். பூச முதல் முழங்கை மடிப்பில ஒரு சொட்டு வைச்சு ஒரு நாள் பாருங்கோ.

கேள்வி: தேசிக்காய் ஒயில் போட்டுச் செய்து பூசினாப் பிறகு கழுத்து கறுத்திட்டுது. (வாசகி, பருத்தித்துறை)

பதில்: தோலைப் பிழிஞ்சு எடுத்த தேசிக்காய் ஒயில் தோலில இருக்க வெயில் பட்டா எரிஞ்சு கறுக்கும். ஆவியில வடிச்ச தேசிக்காய் ஒயிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வாங்கேக்க கேட்டு வாங்குங்கோ. இப்ப கழுத்தை வெயிலில காட்டாதேங்கோ, எரிவு இருந்தா டொக்டரிட்டக் காட்டுங்கோ.

கேள்வி: பட்டு வேட்டியில பூசலாமோ பிள்ளை? (நல்லூர் ஐயா ஒருத்தர்)

பதில்: வேண்டாம் ஐயா. தேரண்டு அப்பாவின்ர வேட்டிக் கரையில நான் அன்பாப் பூசிவிட்ட மஞ்சள் வட்டம் மூண்டு முறை தோச்சும் போகேல்லை, அவர் பேந்து அந்தப் பக்கத்தை உள்ளுக்கு மடிச்சுத்தான் கட்டுறவர்.