வாசகர் கேள்வி பதில்: ஊர் போனாலும் பேர் போகவில்லை

சென்ற இதழில் பின்லாந்தின் லஹ்தி நகரக் கால்பந்து பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கேள்விகள். வேலை நிமித்தமாக ஒன்பது ஆண்டுகள் நான் வாழ்ந்த ஊர் அது. அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் லஹ்திக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எஃப்.சி. லஹ்தி 1996-இல் தொடங்கிய கிளப் என்று படித்தேன். நீங்களோ அதன் கதை 1891-இல் தொடங்குகிறது என்று எழுதினீர்கள். எது சரி? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: இரண்டும் சரிதான். எஃப்.சி. லஹ்தி என்ற பெயர் 1996-இல் வந்தது. அதே ஊரில் இருந்த ரெய்பாஸ், கூசுசி என்ற இரண்டு கிளப்புகளைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். அந்த இரண்டில் மூத்தது ரெய்பாஸ். அது பிறந்த ஆண்டுதான் 1891. ஆனால் பிறந்தது லஹ்தியில் இல்லை, வீபுரியில்.

வீபுரி அந்தக் காலத்தில் பின்லாந்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. கோட்டையும் துறைமுகமும் பல மொழிகள் பேசும் கடைத்தெருக்களும் உள்ள ஊர். 1939 நவம்பர் கடைசியில் சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 1940 மார்ச்சில் மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் வீபுரி உட்பட பின்லாந்தின் கிழக்குப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் கைக்கு மாறியது. நடுவில் பின்லாந்து அதை மீட்டது. 1944-இல் மறுபடியும் இழந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் வந்து சேர்ந்த ஊர் லஹ்தி. ரெய்பாஸும் அவர்களோடு வந்தது. மைதானம் வரவில்லை, கட்டடம் வரவில்லை. பேர் மட்டும் வந்தது. பல ஆண்டுகள் லஹ்தியில் இருந்துகொண்டே ‘வீபுரி ரெய்பாஸ்’ என்றுதான் ஆடினார்கள். அப்புறம்தான் ‘லஹ்தி ரெய்பாஸ்’ ஆனது. பின்னிஷ் மொழியில் ரெய்பாஸ் என்றால் சுறுசுறுப்பானவன், உற்சாகமானவன் என்று பொருள்.

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீபுரியிலிருந்து ரயிலேறியவர். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்த ஊரின் பழைய வரைபடம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் பிறந்த தெருவில் விரலை வைப்பார். அங்கிருந்து மெதுவாக விரலை நகர்த்தி, அப்பாவோடு பந்தாட்டம் பார்க்கப் போன வழியைக் காட்டுவார். அந்த ஓர் இடத்தில் மட்டும் வரைபடக் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. வெறும் ரெய்பாஸ் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் ‘மெய்டன் ரெய்பாஸ்’தான். நம்ம ரெய்பாஸ். வாசலில் கோட்டு மாட்டும் கொக்கியில் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த கம்பளிக் கழுத்துத்துணி தொங்கும். அதுதான் ரெய்பாஸின் நிறம்.

வந்த ஊரில் ரெய்பாஸ் நன்றாகவே வேரூன்றியது. 1963, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் பின்லாந்து லீக் பட்டம். 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து முறை பின்லாந்துக் கோப்பை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ஆக ஏழு கோப்பைகள். ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆடிய காலம் அது. இந்தப் பட்டங்களை எண்ணிக்கையாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

கேள்வி: அப்படியானால் கூசுசி எங்கிருந்து வந்தது? அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

பதில்: அது லஹ்தியின் சொந்தப் பிள்ளை. 1934-இல் வேறு பெயரில் தொடங்கியது. நடுவில் ஊரிலிருந்த உபோ என்ற அடுப்பு, குளிர்பெட்டி தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி ‘உபோன் பல்லோ’, அதாவது உபோவின் பந்து என்று ஆடியது. 1969-இல் ‘லஹ்தி-69’ ஆனது. இந்த அறுபத்தொன்பதைப் பேச்சுவழக்கில் ஆறு, ஒன்பது என்று சேர்த்துச் சொன்னால் கூசுசி. மக்கள் வாயில் புழங்கிய அந்தச் சொல்லே பிறகு கிளப்பின் பெயராகிவிட்டது. ஒரே ஊரில் ஒரு கிளப் தன் பெயரை விடாமல் சுமந்து வந்தது. இன்னொன்று மூன்று நான்கு முறை பெயர் மாற்றிக்கொண்டது. எனக்கு இது எப்போதும் வியப்புதான்.

கேள்வி: கூசுசி ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதி வரை போனது என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாகவா? பின்லாந்து அணியா? (கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்)

பதில்: உண்மைதான் ஐயா. இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடியான ஐரோப்பியக் கோப்பை, 1985-86 பருவம்.

கூசுசி 1982, 1984 லீக் பட்டங்களை வென்ற அணி. பயிற்சியாளர் கெய்யோ வொவுட்டிலைனென். முன்னணியில் இஸ்மோ லியுஸ் என்ற கோல் வேட்டைக்காரர். முதல் சுற்றில் யூகோஸ்லாவிய சாம்பியன் சரயேவோ. அங்கேயும் 2-1, இங்கேயும் 2-1 என்று கூசுசி வென்றது. அடுத்த சுற்றில் சோவியத் சாம்பியன் செனித் லெனின்கிராட்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வீபுரி அப்போது லெனின்கிராட் வட்டாரத்தின் கீழ் இருந்தது. இரண்டு நகரங்களுக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர்தான். லஹ்தியின் தெருக்களில் வீபுரியை விட்டு வந்த குடும்பங்கள். லெனின்கிராடில் நடந்த முதல் ஆட்டத்தில் கூசுசி 1-2 என்று தோற்றது. திரும்ப வந்து ஆடியபோது கூடுதல் நேரம் வரை போராடி 3-1 என்று வென்றது. மொத்தத்தில் 4-3. எதிர்வீட்டுப் பெரியவர் பிறப்பிலிருந்தே ரெய்பாஸ்காரர், கூசுசியை வாழ்நாளெல்லாம் போட்டியாளராகப் பார்த்தவர். ‘அன்றைக்கு மட்டும் கூசுசியும் மெய்டன்தான்’ என்றார் என்னிடம்.

காலிறுதி 1986 மார்ச்சில். எதிரணி ருமேனியாவின் ஸ்டெயாவா புக்கரெஸ்ட். புக்கரெஸ்டில் 0-0. இரண்டாவது ஆட்டம் ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கில். அந்தக் குளிரில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வந்து நின்றார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரம் வரை கோல் இல்லை. கடைசி நிமிடங்களில் விக்டர் பிட்சூர்கா அடித்த ஒரே ஒரு கோலில் கூசுசி வெளியேறியது. அந்த ஸ்டெயாவாதான் மே மாதம் செவிய்யாவில் நடந்த இறுதிப் போட்டியில் பார்சிலோனாவைப் பெனால்டி உதைகளில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. கோல்கீப்பர் துக்கதாம் நாலு உதைகளையும் தடுத்த அந்தப் புகழ்பெற்ற இரவு. அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியனோடு 180 நிமிடம் ஆடி, ஒரே கோல் வித்தியாசத்தில் போனவர்கள் லஹ்திக்காரர்கள். பின்லாந்து கிளப் கால்பந்தில் இதைவிடப் பெரிய பயணம் இல்லை என்பது என் முடிவு. 1998-இல் ஹெச்.ஜே.கே. ஹெல்சிங்கி சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குப் போனதும், அங்கே பென்ஃபிகாவை 2-0 என்று வென்றதும் தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: அவ்வளவு பெரிய பனி நாட்டில் எப்படிக் கால்பந்து ஆடுகிறார்கள்?

பதில்: கோடையில் ஆடுகிறார்கள். முதல்நிலை லீகான வெய்க்காவுஸ்லீகா வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். லஹ்தி அரங்கில் நான் பார்த்த முதல் ஆட்டம் ஏப்ரலில். மைதானத்து ஓரத்தில் ஒதுக்கித் தள்ளிய பனி, அழுக்கேறி இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. ரசிகர்கள் ஒரு கையில் சுட்ட மக்காரா என்ற தொத்திறைச்சி, அதன் மேல் கடுகுச் சாந்து, மறு கையில் காபி என்று உட்கார்ந்திருந்தார்கள். அரங்கை ஒட்டியே பனிச்சறுக்குத் தாவல் கோபுரங்கள் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும். உலகப் பனிச்சறுக்குப் போட்டிகளை ஏழு முறை நடத்திய ஊர் அது. கோடை வந்தால் பெரிய கோபுரத்தின் அடிவாரத்தில், வீரர்கள் வந்து இறங்கும் சரிவுக்குக் கீழே நீச்சல் குளம் திறந்துவிடுவார்கள்.

கேள்வி: கால்பந்து வீரர் யாரி லித்மனென் இந்த ஊர்க்காரரா?

பதில்: ஆமாம், 1971-இல் லஹ்தியில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேருமே ரெய்பாஸுக்கு ஆடியவர்கள். அப்பா தேசிய அணிக்கும் ஆடியவர். யாரியும் ரெய்பாஸில்தான் தொடங்கினார். ஹெச்.ஜே.கே.யில் ஒரு பருவம், மிபா என்ற இன்னொரு பின்லாந்து கிளப்பில் ஒரு பருவம், அப்புறம் நெதர்லாந்தின் அயாக்ஸ். அங்கே 1995-இல் சாம்பியன்ஸ் லீக் வென்றார். பிறகு பார்சிலோனா, லிவர்பூல். அதெல்லாம் உலகத்துக்கே தெரியும். எனக்குப் பிடித்தது அவர் ஊருக்குத் திரும்பிய காலம்தான். 2008-இல் எஃப்.சி. லஹ்திக்கு வந்தார், அந்த ஆண்டு அணி மூன்றாம் இடம் பிடித்தது.

அந்தப் பருவத்தில் அவரை நேரில் பார்த்தேன். ஓட்டம் குறைந்துவிட்டது, கணுக்கால் காயங்கள் அவரை விட்டதே இல்லை. ஆனால் பந்து வருவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பந்து காலுக்கு வந்ததும் தடுக்க மாட்டார், போகிற திசையைக் கொஞ்சம் மாற்றிவிடுவார். அடுத்த விநாடி நம் ஆள் ஒருவர் தனியாக நிற்பார். 2010 அக்டோபரில், 39 வயதில், ஔலு அணிக்கு எதிராகத் தலைக்கு மேலே காலைத் தூக்கி ஒரு கோல் அடித்தார். ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். ஆனாலும் அந்த ஆண்டு லஹ்தி கடைசி இடத்தில் முடித்துக் கீழ்நிலைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. லித்மனென் அதற்குள் ஹெச்.ஜே.கே.க்குப் போய், 40 வயதில் தன் முதல் பின்லாந்து லீக் பட்டத்தை வாங்கினார்.

கேள்வி: இரண்டு கிளப்பையும் ஏன் சேர்த்தார்கள்? ரசிகர்கள் ஒத்துக்கொண்டார்களா?

பதில்: பணம்தான் காரணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பின்லாந்தின் பொருளாதாரம் மோசமாக விழுந்தது. சோவியத் ஒன்றியத்தோடு இருந்த வணிகம் நின்றது, வங்கிகள் தடுமாறின. லஹ்தி தொழிற்சாலைகளை நம்பிய ஊர்; வேலையிழப்பு கடுமையாக இருந்தது. 1991-இல் ஐந்தாவது லீக் பட்டம் வென்ற கூசுசியே சில ஆண்டுகளில் தள்ளாடியது. இவ்வளவு சிறிய ஊரால் இரண்டு பெரிய அணிகளைத் தாங்க முடியவில்லை. கணக்குப்படி பார்த்தால் இணைப்பு சரியான முடிவு. 1999-இல் புதிய அணி வெய்க்காவுஸ்லீகாவுக்கு ஏறியும் விட்டது.

ஆனால் மனசு கணக்குப் பார்க்காது! எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு ஆண்டு அரங்குப் பக்கமே போகவில்லையாம். பேரன் அடம்பிடித்து இழுத்துப் போனபோது, ஆரஞ்சு கறுப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்து இருக்கையில் கூசுசித் தொப்பி போட்ட ஒருவர். இரண்டு பேரும் முதல் பாதி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இடைவேளையில் அந்த ஆள் தன் குடுவையிலிருந்து காபி ஊற்றி நீட்டினாராம். நான் லஹ்தியை விட்டுக் கிளம்பும்வரை அவர்கள் இருவரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்தார்கள்.

கேள்வி: லஹ்திக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்? (அடுத்த ஜூனில் பின்லாந்து செல்லும் வாசகி)

பதில்: ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் அம்மா. பெரிய அரங்கை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் கிசபுயிஸ்தோ மைதானத்துக்குப் போங்கள். 1952 ஒலிம்பிக் கால்பந்து ஆட்டங்கள் சில நடந்த இடம். லித்மனெனின் சிலையும் அங்கேதான். மாலையில் போனால் நல்லது. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கிளப்புகள் இணைந்த பிறகும் ரெய்பாஸ், கூசுசி என்ற பெயர்களிலேயே பிள்ளைகள் அணிகள் தொடர்ந்து ஆடின. ஆரஞ்சுச் சட்டை போட்ட பொடியன்கள் ஆடிக்கொண்டிருந்தால், வேலியோரம் நிற்கும் தாத்தா பாட்டிகளிடம் ‘மெய்டன் ரெய்பாஸ்?’ என்று கேட்டுப் பாருங்கள். பின்லாந்துக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்பார்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு உங்களுக்குக் கடைசி ரயிலைப் பிடிப்பதே கஷ்டமாகிவிடும்.