அம்மாவின் இருமலுக்கு நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம். அம்மாவுக்கு வயது 62. ஏழெட்டு வருடமாக இருமல், இப்போது கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்குகிறது. வவுனியாவில் தனியார் டொக்டரிடம் காசு கட்டி சனல் பண்ணிக் காட்டினோம். ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, நுரையீரல் அடைப்பு நோய், இது முற்றாக மாறாது என்றார்கள். அம்மா சுருட்டோ சிகரெட்டோ தொட்டவர் இல்லை. விறகடுப்பில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார். இன்றும் அதில் மாதம் 16,000 ரூபா மிஞ்சுகிறது. ஒட்சிசன் மெஷின் வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். விலை 285,000. என்னிடம் 3 பவுண் நகை இருக்கிறது. நுண்கடன் கம்பனியில் எடுத்த குழுக்கடன் 115,000 மிச்சம், கிழமைக்கு 3,200 கட்டுகிறேன். பிரான்ஸில் இருக்கும் அண்ணா ஒரு தடவை ஒரு இலட்சம் அனுப்பலாம் என்கிறார். கணவருக்கு இரண்டு ஏக்கர் வயல். நகையை அடைவு வைத்து மெஷினை எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. நகை அலுமாரியிலேயே இருக்கட்டும். அண்ணாவின் காசு வரட்டும், ஆனால் அது மெஷினுக்குப் போக வேண்டாம்.

அம்மா மூச்சு வாங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற உங்களுக்கு இது கல்நெஞ்சப் பதிலாகத் தோன்றலாம். ஆனால் மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் ஒட்சிசன் குறைவதில்லை. வருத்தம் கூடாமல் இருக்கும் நேரத்தில், இரத்தத்தில் ஒட்சிசன் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால்தான் பெரும்பாலும் வீட்டில் நீண்டகாலம் ஒட்சிசன் வைக்கச் சொல்வார்கள். அதுவும் நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம். 2016இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அளவு ஓரளவு மட்டுமே குறைந்திருந்தவர்களுக்கு ஒட்சிசன் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவியில் அம்மாவின் அளவு என்ன காட்டியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்டு கொப்பியில் எழுதி வையுங்கள். மெஷின் தேவை என்று டொக்டர் துண்டில் எழுதித் தரட்டும், அப்புறம் வாங்குவதைப் பேசலாம்.

வாங்கினாலும் செலவு 285,000 உடன் நிற்காது. இந்த மெஷின் 350 வாட் அளவில் கரண்ட் இழுக்கும் என்று வைத்தால், 15 மணித்தியாலத்துக்கு ஐந்து அலகுக்கு மேல், மாதத்துக்கு ஏறத்தாழ 157 அலகு. உங்கள் வீட்டில் இப்போது 50 அலகு போகிறதென்றால் மொத்தம் 200ஐத் தாண்டும். வீட்டு மின்கட்டணத்தில் 180 அலகுக்கு மேலேதான் ஆகக் கூடிய வீதம். மாரி மழையில் கரண்ட் நின்றால் மெஷினும் நிற்கும், அதற்கு வேறு ஏற்பாடு தேவை. விற்கிறவர்கள் இதையெல்லாம் சொல்லாமல் விற்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, அண்ணாவின் ஒரு இலட்சத்தை என்ன செய்வது? குழுக்கடனை முடியுங்கள். குறையும் 15,000ஐ வழமையான கிழமைக் காசிலேயே கட்டினால் ஐந்து கிழமையில் தீரும். கிழமைக்கு 3,200 என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 13,800 ரூபா. இந்த வருத்தம் கேட்பது மாதாமாதம் கைக்கு வரும் காசைத்தான். கிளினிக் பஸ், ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியில் எழுதிக் கொடுக்கும் இன்ஹேலர், அம்மாவோடு போவதால் நீங்கள் விடுகிற வேலைநாள் எல்லாம் அதில் வரும். உங்களிடம் இல்லாததும் அந்த மாதக் காசுதான். வயல் வருமானம் போகத்துக்குப் போகம் வருகிறது, இருமல் போகம் பார்த்து வருவதில்லை. கடனை முடித்த மாதத்திலிருந்தே அந்த 13,800ஐ தேசிய சேமிப்பு வங்கியிலோ வேறு வங்கியிலோ அம்மாவின் பெயரையும் சேர்த்துத் தனிக் கணக்கில் போடுங்கள்.

முடிப்பதற்கு முன், இன்றே முழுதாகக் கட்டினால் எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள். இனி வரும் வட்டியையும் சேர்த்துக் கேட்டால் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். தர மறுத்தால், அல்லது கம்பனி பதிவு பெற்றதா என்ற சந்தேகம் இருந்தால், இலங்கை மத்திய வங்கியின் கிளிநொச்சி பிராந்திய அலுவலகத்தில் கேட்கலாம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்தது என்பதை வைத்து, இன்னொன்று வரும் என்று காத்திருக்க வேண்டாம். குழுவில் மற்றவர்களின் பிணையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கடன் முடிந்தாலும் அந்தப் பொறுப்பு தொடரலாம்.

நகையைத் தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் வயல். ஐப்பசியில் காலபோக விதைப்புக்கு விதைநெல், பசளை, உழவுக் கூலி எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அப்போது நகை மெஷினுக்காக வங்கியில் கிடந்தால் நெல் வியாபாரியிடம் கடன் வாங்குவீர்கள், அறுவடையில் அவர் சொன்ன விலைக்கே நெல்லைக் கொடுப்பீர்கள். என்றாவது அடைவு வைத்தே ஆக வேண்டும் என்றால் வங்கியில் மட்டும் வையுங்கள். மாசியில் நெல் விற்ற கையோடு மீட்டுவிடுங்கள்.

காசு உண்மையில் போக வேண்டிய இடம் குசினி. விடியப் புறம் நாலு மணிக்கு ஈர விறகு, கண்ணீர் வரும் புகை, அதற்குள் குந்தி இருந்து இடியப்பத் தட்டை மாற்றும் அம்மா. விறகுப் புகையே இந்த வருத்தத்தைத் தரக்கூடியது, சுருட்டுத் தொடாத பெண்களுக்கும். புகை தொடர்ந்தால் எந்த இன்ஹேலரும் பாதி வேலைதான் செய்யும். வியாபாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த 16,000 உங்களுக்குத் தேவை. ஆனால் அவிக்கிற வேலை காஸ் அடுப்புக்குப் போகட்டும். முடிந்தவரை நீங்களோ கணவரோ அவியுங்கள். அம்மா காற்றோட்டமான திண்ணையில் இருந்து பொதி கட்டட்டும். ஒரு சிலிண்டர் எத்தனை நாள், எத்தனை இடியப்பம் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மிச்சம் 10,000 ஆகக் குறைந்தாலும் இந்த மாற்றம் பெறுமதியானது. காஸ் கட்டுப்படவே இல்லை என்றால் விறகைக் குறைவாக எரிக்கும் அனகி மண் அடுப்பு வாங்கி, திறந்த கொட்டிலுக்கு மாற்றுங்கள். அதிலும் புகை வரும், குறைவாக வரும். உமி எரிப்பது, நெல் தூற்றுவது இரண்டிலிருந்தும் அம்மாவைத் தள்ளி வையுங்கள்.

மருத்துவத்துக்கு இனி மாதாமாதம் வவுனியாவுக்கு சனல் பண்ணிப் போகத் தேவையில்லை. மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியுங்கள். வவுனியாவில் எடுத்த பரிசோதனைத் தாள்களையும் கொண்டு போங்கள். சளிப் பரிசோதனை செய்தார்களா? இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மாவட்ட மார்புநோய் கிளினிக்கில் அது இலவசம். இன்ஹேலர் இழுக்கும் முறையைத் தாதியிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். பிழையாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும், காசும் வீண். இன்ஹேலரில் பொருத்தி இழுக்கும் ஸ்பேசர் குழாய் ஒன்று வாங்கினால் நன்று. சளிக்காய்ச்சல் (இன்புளுவென்சா) தடுப்பூசி பற்றி டொக்டரிடம் கேளுங்கள், வெளியில் காசு கொடுத்துப் போட வேண்டி வந்தாலும் அது நல்ல செலவு. இரவில் திடீரென மூச்சு முட்டினால், சளி கூடி மஞ்சள் பச்சையாக மாறினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அதோடு 10,000 ரூபா வீட்டில் கைக்காசாக இருக்கட்டும், திரும்பி வர ஓட்டோவுக்கும் வார்டில் நிற்கிறவரின் சாப்பாட்டுக்கும்.

அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கு இருப்பதுபோல் நுரையீரல் நோய்க்கென்று தனிக் கொடுப்பனவு இல்லை. ஆனால் குடும்பத்தைத் தெரிவு செய்யும்போது உடல்நலமும் பார்க்கப்படுகிறது, எனவே நோய் விபரத்தை மருத்துவச் சான்றோடு கிராம அலுவலரிடம் கொடுங்கள். டொக்டர் மெஷின் தேவை என்று எழுதினால், வாங்கும் முன்பே ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து அங்கேயே விண்ணப்பிக்கலாம், இதற்கு உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். நோயை மறைத்துக் காப்புறுதி எடுக்கலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் கையெழுத்து வைக்காதீர்கள். உரிமை கோரும் நாளில் பழைய கிளினிக் கொப்பியைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

அண்ணாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தால் மனம் ஆறும், அது விளங்குகிறது. இந்த ஒரு இலட்சம் கடனை முடிக்கப் போகிறது என்று சொல்லி, இதற்கு மேல் மாதம் 8,000 ரூபா காஸுக்கும் மருந்துக்கும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கடன் முடித்த பற்றுச்சீட்டையும் அம்மாவின் கிளினிக் துண்டையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள்.