'யுவர் சாய்ஸ் மட்டன்' என்று எழுதலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நானும் வீட்டுக்காரரும் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்தான் ஆர்டர் கொடுப்பார்கள், எல்லாம் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடும். இப்போது ஈப்போ கம்பெனிகளும் கேட்கின்றன. கோட்டேஷனை ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்கிறார்கள். 'யுவர் சாய்ஸ் மட்டன்', 'சாய்ஸ் ஆஃப் சிக்கன் அண்ட் மட்டன்' என்று எழுதி வந்தேன். போன மாதம் ஒருவர் கோழியும் ஆடும் இரண்டுமே உண்டு என்று நினைத்துவிட்டார். பேசிய விலைக்கே இரண்டையும் சமைத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மகள் 'ஆஃப் யுவர் சாய்ஸ்' என்று எழுதச் சொல்கிறாள். கணினி 'ஆஃப் யுவர் சூஸிங்' என்கிறது. எதுதான் சரி?"

மகள் சொல்வதும் சரி, கணினி சொல்வதும் சரி. ஆனால் உங்கள் பணத்தைக் கரைத்தது அந்தச் சொற்கள் அல்ல, நடுவில் உட்கார்ந்திருந்த 'அண்ட்'. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகள், கணினி வழக்கைத் தீர்த்துவிடுவோம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5(3) பிரிவு, கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்கிறது. அதன் ஆங்கில வாசகம் 'லீகல் ப்ராக்டிஷனர் ஆஃப் ஹிஸ் சாய்ஸ்'. இதே உரிமையைச் சொல்லும் 1966ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குடிமை உரிமை உடன்படிக்கையோ 'ஆஃப் ஹிஸ் ஓன் சூஸிங்' என்று எழுதுகிறது. சட்டம் எழுதுகிறவர்களே இரண்டையும் பயன்படுத்துகிறார்கள் என்றால், நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? 'சூஸிங்' சற்று எடுப்பானது. வேறு யாரும் தலையிடவில்லை, அவரே தேர்ந்தெடுத்தது என்ற அழுத்தம் அதில் உண்டு. அதனால்தான் அதற்கு முன்னால் 'ஓன்' அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்கிறது. மெனுவுக்கு 'சாய்ஸ்' போதும். 'அட் யுவர் சாய்ஸ்' மட்டும் வேண்டாம். 'அட்' சேர்வது 'டிஸ்கிரீஷன்', 'கன்வீனியன்ஸ்' போன்ற சொற்களோடு.

'யுவர் சாய்ஸ் மட்டன்' கதை வேறு. தமிழில் 'உங்கள் விருப்ப உணவு' என்று நேராக ஒட்டிவிடலாம். மலாயில் 'லாவுக் பிலிஹான் அண்டா' என்றாலும் நடுவில் எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஆஃப்' இல்லாமல் நடக்காது. அதை விட்டுவிட்டால் 'சாய்ஸ்' பெயரடையாகி, 'பொறுக்கியெடுத்த, உயர்தரமான' என்று பொருள் மாறிவிடும். அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியைத் தரம் பிரிக்கும்போது 'ப்ரைம்' முதல் தரம், 'சாய்ஸ்' அடுத்த தரம். ஆக, நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தவர் உயர்ரக ஆட்டிறைச்சி வரப்போகிறது என்று நினைத்திருந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. ('சாய்ஸ் வேர்ட்ஸ்' என்றால் நல்ல வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பொறுக்கியெடுத்த வசவு!)

சரி, 'ஆஃப்' போட்டாகிவிட்டது. அதை எந்தப் பக்கம் போடுவது? 'எ கறி ஆஃப் யுவர் சாய்ஸ்' என்றால் எந்தக் கறி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாசல் திறந்துவிடுகிறது. ஒருவர் நண்டு கேட்டால் என்ன செய்வீர்கள்? 'யுவர் சாய்ஸ் ஆஃப்' என்று தொடங்கினால், பின்னால் வரும் பட்டியலுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆகும். விலை பேசும் தாளில் இந்த இரண்டாவது வடிவம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. முதல் வடிவத்தை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றால், 'ஃப்ரம் தி மெனு' என்று கூடவே ஒரு வேலி போடுங்கள்.

இப்போது அந்த 'அண்ட்'. 'சாய்ஸ் பிட்வீன்' என்று எழுதினால் நடுவில் 'அண்ட்' வரும்: 'எ சாய்ஸ் பிட்வீன் சிக்கன் அண்ட் மட்டன்'. இரண்டில் ஒன்று என்று பொருள். 'சாய்ஸ் ஆஃப்' என்று எழுதினால் 'ஆர்' போடுங்கள்: 'எ சாய்ஸ் ஆஃப் சிக்கன் ஆர் மட்டன்'. இதிலும் இரண்டில் ஒன்றுதான். உங்கள் வரியில் 'ஆஃப்' இருந்தது, ஆனால் 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் 'அண்ட்' இருந்தது. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் காசு கொடுக்கிறவர் கண்ணில் 'சாய்ஸ்' படாது, 'சிக்கன் அண்ட் மட்டன்'தான் படும்.

என்னைக் கேட்டால், கோட்டேஷனில் 'சாய்ஸ்' என்ற பெயர்ச்சொல்லையே எடுத்துவிடச் சொல்வேன். யார் தேர்ந்தெடுக்கிறார், எத்தனை என்ற இரண்டையும் அது மறைத்துவிடுகிறது. 'சூஸ்' என்ற வினையைப் போட்டால் எழுதும்போதே அந்த இரண்டையும் சொல்ல வேண்டிவரும்.

'யார்' என்பது லேசான கேள்வி இல்லை. 'யுவர்' என்றால் கோட்டேஷனில் கையெழுத்துப் போடுகிற விருந்து வீட்டுக்காரரா, மண்டபத்தில் தட்டேந்தி நிற்கும் விருந்தாளியா? இருநூறு பேரும் ஆளுக்கொன்று கேட்க ஆரம்பித்தால் உங்கள் அண்டா தாங்காது. இப்படி எழுதுங்கள்: 'தி ஹோஸ்ட் சூஸஸ் ஒன் மெயின் டிஷ் ஃபார் ஆல் கெஸ்ட்ஸ்: சிக்கன் பெரட்டல், மட்டன் குழம்பு ஆர் ஃபிஷ் கறி'. இரண்டு கொடுப்பதாக இருந்தால் 'எனி டூ'. எண் இல்லாமல் வெறும் 'எனி' போடாதீர்கள். 'சூஸ் எனி ஆஃப் தி ஃபாலோயிங்' என்றால் மூன்றையும் கேட்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. இரண்டாவது கறிக்குத் தலைக்கு எத்தனை ரிங்கிட் கூடும் என்பதையும் அந்த வரிக்கு நேர் கீழேயே போட்டுவிடுங்கள்.

'சூஸ்' வந்த வாக்கியத்தில் 'சாய்ஸ்' மறுபடி வேண்டாம். 'ஈச் கெஸ்ட் மே சூஸ் எ டெசர்ட் ஆஃப் தேர் சாய்ஸ்' என்பது தேர்ந்தெடுத்ததைத் தேர்ந்தெடுப்பது போல. கடைசி மூன்று சொற்களை வெட்டினால் சரியாகிவிடும். ஒருவரைச் சொல்லும்போது 'தேர்' வரலாமா என்ற சந்தேகம் வேண்டாம், தாராளமாக வரலாம். எழுத்துப் பிழைக்கு ஒரு வார்த்தை: நிகழ்காலம் 'சூஸ்' என்பதற்கு இரண்டு 'ஓ', இறந்தகாலம் 'சோஸ்' என்பதற்கு ஒரே 'ஓ'. 'சூஸ்ட்' என்று ஒன்று கிடையாது.

கல்யாண வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 'தி சாய்ஸ் ஆஃப் தி ப்ரைட்' என்று கேக்குக்குப் பக்கத்தில் எழுதினால், மணப்பெண் தேர்ந்தெடுத்தது என்றும் படிக்கலாம், மணப்பெண்ணையே தேர்ந்தெடுத்தது என்றும் படிக்கலாம். 'சோஸன் பை தி ப்ரைட்' என்றால் வம்பில்லை.

கடைசியாக, தொனி. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் "எதைப் போடலாம்?" என்று கேட்கும்போது 'அப் டு யூ' என்று பதில் போடுவது நம் ஊரில் சகஜம். பேச்சில் அது ஒன்றும் இல்லை. எழுத்தில் 'என்னவோ பண்ணிக்கொள்' என்பது போல விழும். 'தட்ஸ் யுவர் சாய்ஸ்' இன்னும் மோசம், 'நீயே தேடிக்கொண்டது' என்று குத்தும். 'வீ ஆர் ஹேப்பி வித் விச்சவர் யூ சூஸ்' என்று எழுதலாம். 'தி சாய்ஸ் இஸ் யுவர்ஸ்' என்பதும் நல்லதுதான், ஆனால் 'யுவர்ஸ்' என்பதில் 'எஸ்'ஸுக்கு முன்னால் மேல் குறி (அப்பாஸ்ட்ரஃபி) வரவே வராது.

முடிவைச் சொல்லத் தேதி கொடுக்கும்போது 'பிஃபோர்' போடாமல் 'பை' போடுங்கள்: 'ப்ளீஸ் கன்ஃபர்ம் யுவர் சாய்ஸ் பை ஃப்ரைடே'. 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு கெடு முடிந்துவிடும். 'பை' என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. சனிக்கிழமை காலை இறைச்சிக்கடைக்குப் போகிறவர் நீங்கள் என்றால் அந்த ஒரு நாள் உங்களுக்குப் போதுமா என்று பார்த்துக்கொண்டு தேதியைப் போடுங்கள்.